112ஐ விட 109 எப்போது நல்லது? காளைகளிடம் படித்த புள்ளியியல்



இந்த எபிசோட்டில் ரெக்கமெண்டேஷன் சிஸ்டம் பற்றிக் கதைச்சம். 3 பேர் மட்டும் 5 நட்சத்திரம் போட்ட கொத்துரொட்டிக் கடையா, 800 பேர் சேர்ந்து 4.4 போட்ட கடையா எண்ட சண்டையிலயே நேரம் முடிஞ்சுபோச்சு. நான் ஒரு உதாரணம் சொல்ல வெளிக்கிட்டு, "அது நீளம், நியூஸ்லெட்டரில எழுதுறன்" எண்டு நிப்பாட்டினனான். அதுதான் இது. உதாரணம் மாடு. சிரிக்காம வாசியுங்கோ, கடைசியில கணக்கு இருக்கு.

சில வருசத்துக்கு முதல் எனக்கு ஒரு மிசியோன் வந்தது. இறைச்சி மாடு வளர்க்கிற பண்ணையாளர்களுக்கு, எந்தக் காளையின் விந்தை வாங்கலாம் எண்டு காட்டுகிற ஒரு திரை. டேட்டா ஏற்கனவே இருந்தது. என்ர வேலை அதை அழகாக்கி போனில் தெரிய வைக்கிறது மட்டும். போன் திரை சின்னது, நிரல்கள் நிறைய. ஒவ்வொரு ஸ்கோருக்கும் பக்கத்தில் 0.32, 0.85 எண்டு இன்னொரு எண் நிண்டது. ஆர் இதைப் பார்க்கப்போறான் எண்டு அந்த நிரலை மறைச்சுப்போட்டு, ஸ்கோர் கூடினது மேலே வாற மாதிரி அடுக்கிவிட்டன்.

பரிசோதனைக்கு வந்த பண்ணையாளர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு அமைதியாக ஒண்டு கேட்டார்: "உங்கட லிஸ்டில முதலாவதா நிக்கிற காளையை என்ர இளம் பசுக்களுக்குப் போட்டால், அடுத்த பெப்ரவரியில இரவு 3 மணிக்கு வந்து கன்றை இழுக்கிறது நீங்களா?"

அவர் பகிடி விடேல்லை. கன்று பெரிசாக இருந்தால் முதல் தரம் ஈனுகிற பசுவுக்கு வழி காணாது. கயிறு கட்டி இழுக்கவேணும், இல்லாட்டி மிருக வைத்தியரைக் கூப்பிட்டு சிசேரியன். சில நேரம் கன்று போகும், சில நேரம் தாயும் போகும். நான் மறைச்ச நிரல் அவருக்கு அந்த இரவைப் பற்றின தகவல்.

முதலில் சொற்கள்

எங்கட வீட்டில் மாட்டிறைச்சி சமைக்கிறதில்லை. உங்களில் கனபேருக்கும் அப்படித்தான் இருக்கும். ஆனால் மாட்டைப் பற்றின சொற்கள் அம்மாவிடம் நிறைய இருந்தது. நான் வேலைக்காகப் பிரெஞ்சில் படிச்ச ஒவ்வொரு சொல்லுக்கும் அவ தமிழ் வச்சிருந்தா:

- ஜெனிஸ்: நாகு. இன்னும் கன்று ஈனாத இளம் பசு.
- தோறோ: காளை. இனவிருத்திக்கு வச்சிருந்தால் பொலிகாளை.
- வெலாஜ்: கன்றீனல். அம்மாவின் பேச்சில் "கண்டு போடுறது".
- செவ்ராஜ்: பால் மறக்கச் செய்தல்.
- பையெத்: விந்து அடைச்ச மெல்லிய குழல்.

ஏன் இது கஷ்டமான முடிவு

பிரான்சின் இறைச்சி மாட்டினங்களில் பெரியவை மூன்று: சரோலே, லிமூசன், பிளோந் தாக்கித்தேன். போர்த் த வெர்சாயில் நடக்கிற விவசாயச் சலோனுக்குப் பள்ளிக்கூடத்தோட போயிருந்தால் பார்த்திருப்பீங்கள். வெள்ளையாக நிக்கிறது சரோலே, செம்மண் நிறத்தில் நிக்கிறது லிமூசன். சரோலேயின் வம்சப் பதிவேடு 1864இல் தொடங்கினது, லிமூசனுக்கு 1886. அப்பன் ஆர், அம்மா ஆர் எண்டு நூற்றைம்பது வருசமாக எழுதி வைக்கிற டேட்டாபேஸ் அது. 1966இல் வந்த கால்நடைச் சட்டம் பதிவு, எடை அளத்தல், செயற்கைமுறைச் சினைப்படுத்தல் எல்லாவற்றையும் நாடு முழுக்க ஒரே ஒழுங்கில் கொண்டுவந்தது. அதன் பலனாகத்தான் இண்டைக்கு ஒவ்வொரு காளைக்கும் ஸ்கோர் இருக்கு. இறைச்சி மாடுகளுக்கான அந்த மதிப்பீட்டு முறைக்குப் பெயர் இபோவால்.

மாடு எங்களுக்குத் தூரமான விசயம் எண்டு நினைக்கவேண்டாம். லா ஷப்பெல்லில் சாமான் வாங்கிப்போட்டு லா வில்லெத் பார்க்குக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போற ஆக்கள் நாங்கள். 1867 தொடக்கம் 1974 வரைக்கும் பாரிசின் மாட்டுச் சந்தையும் கொல்களமும் அந்த இடம்தான். இப்ப கச்சேரி நடக்கிற கிராந் ஆல், மாடு விற்ற மண்டபம். 1986இல் திறந்த விஞ்ஞான அருங்காட்சியகம், கொல்களத்துக்கெண்டு கட்டத் தொடங்கின கட்டடத்துக்குள்ளதான் இருக்கு.

சரி, முடிவுக்கு வருவம். 2025 ஜனவரியில் ஒரு பசுவுக்குச் சினை ஊசி போட்டால் கன்று ஒக்டோபரில் பிறக்கும். ஈனல் எப்படிப் போனது எண்டு அண்டைக்குத்தான் தெரியும். கன்று நல்லா வளருதா எண்டது பால் மறக்கிற வயதில், அதாவது ஏழு மாதம் கழிச்சு 2026 மேயில் தெரியும். அந்தக் கன்று பெட்டையாக இருந்து, அதை வச்சிருந்தால், அது ஒழுங்காக ஈனுமா, குட்டிக்குப் பால் காணுமா எண்டது 2028 கடைசியில்தான் தெரியவரும். கோட் எழுதி கிட்டத்தட்ட நாலு வருசத்துக்குப் பிறகு பக் ரிப்போர்ட் வந்தால் எப்படி இருக்கும்? ரோல்பேக்கும் இல்லை.

விந்துக்குழல் செய்த பெரிய வேலை

பிரான்சின் இறைச்சி மாட்டுப் பண்ணைகளில் இண்டைக்கும் பெரும்பாலும் காளை மந்தையோட நிண்டு தன்ர வேலையைப் பார்க்கும். செயற்கைமுறைச் சினைப்படுத்தல் பால் மாட்டில்தான் கூட. ஆனாலும் தரவுக்கு அதுதான் முதுகெலும்பு.

காரணம் இதுதான். ஒரு காளை ஒரே பண்ணையில் நிக்குது, அதன் கன்றுகள் எல்லாம் நல்ல பாரம். அது காளையாலயா, அந்தப் பண்ணையின் புல்லாலயா, பண்ணையாளரின் கவனிப்பாலயா? பிரிச்சுச் சொல்ல வழியே இல்லை. அதே காளையின் விந்து உறைஞ்ச குழலில் ஐம்பது பண்ணைக்குப் போனால், ஒவ்வொரு பண்ணையிலும் அதன் கன்றுகள் வேற காளைகளின் கன்றுகளுக்குப் பக்கத்தில், அதே புல்லைத் தின்று, அதே மழையில் வளரும். ஒப்பீடு பண்ணைக்குள்ளேயே நடக்கும். பல பண்ணைகளுக்குப் பொதுவாக இருக்கிற காளை, அந்தப் பண்ணைகளைத் தங்களுக்குள் ஒப்பிடவும் பாலமாகும். ஏ/பி டெஸ்ட் செய்கிற ஆக்களுக்கு இது புதுசில்லை: இரண்டு குழுவும் ஒரே நேரத்தில், ஒரே நிலைமையில் ஓடவேணும்.

அந்தக் குழலின் கதையில் பிரான்சுக்கும் இடம் இருக்கு. நோர்மொந்தியில் லேகிள் எண்ட ஊரில் ரொபேர் கசூ உருவாக்கின வடிவம் இப்ப உலகம் முழுக்கப் பாவிக்கப்படுது. சின்னக் குழலில் கால் மில்லிலீற்றர் பிடிக்கும். மைனஸ் 196 பாகையில் திரவ நைதரசனுக்குள் கிடக்கும். காளை செத்து இருபது வருசம் ஆனாலும் கன்று பிறக்கலாம்.

கணக்கு: எத்தனை கன்று, எவ்வளவு நம்பிக்கை

ஒரு காளையின் கன்றுகள், அதே பண்ணையில் அதே பருவத்தில் பிறந்த மற்றக் கன்றுகளை விடப் பால் மறக்கும்போது சராசரியாக 20 கிலோ கூட எண்டு வைப்பம். அடுத்ததாகப் பிறக்கப்போற கன்றும் 20 கிலோ கூடவாக இருக்குமா?

அது எத்தனை கன்றைப் பார்த்தோம் எண்டதில் இருக்கு. கன்றின் பாரத்தில் மரபின் பங்கு கொஞ்சம்தான். மிச்சம் தாயின் பால், புல், நோய், அதிர்ஷ்டம். மரபின் பங்கு கால்வாசி (0.25) எண்டு எடுத்தால், சூத்திரம் இப்படி வரும். 'க' எண்டது அளந்த கன்றுகளின் எண்ணிக்கை:

நம்பிக்கை = க ÷ (க + 15)

- 5 கன்று: 0.25. அடுத்த கன்றிடம் எதிர்பார்க்கலாம்: +5 கிலோ.
- 15 கன்று: 0.50. எதிர்பார்ப்பு: +10 கிலோ.
- 60 கன்று: 0.80. எதிர்பார்ப்பு: +16 கிலோ.
- 285 கன்று: 0.95. எதிர்பார்ப்பு: +19 கிலோ.

பார்த்த வித்தியாசம் ஒண்டு, எல்லாவற்றிலும் 20 கிலோதான். நம்பக்கூடிய பங்கு மட்டும் மாறுது. ஆதாரம் குறைவாக இருந்தால் சராசரியை நோக்கி இழு, ஆதாரம் கூடினால் விடு. கொத்துரொட்டிக் கடைக்கும் இதே மருந்துதான், அந்த 15 எண்ட எண் மட்டும் வேறாக இருக்கும்.

இதைப் பண்ணை, பருவம், தாய், தகப்பன், சகோதரம் எல்லாவற்றையும் ஒண்டாகப் போட்டு ஒரே நேரத்தில் தீர்க்கிற முறையை கோர்னெல் பல்கலைக்கழகத்தில் இருந்த சார்ல்ஸ் ஹெண்டர்சன் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் உருவாக்கினார். அதன் பெயர் பிளப். டேட்டா சயன்ஸ் படிக்கிற தம்பி தங்கச்சிமார் வகுப்பில் 'ரேண்டம் எஃபெக்ட்' எண்டு படிக்கிறதுக்குப் பின்னால் இந்த மாட்டுக் கணக்கும் நிக்குது.

நான் திரையில் மறைச்ச 0.32, 0.85 எண்டதுகள் இந்த நம்பிக்கை எண்தான். பிரெஞ்சில் சே-தே எண்டு சொல்லுவினம். 0 எண்டால் ஒண்டும் தெரியாது, 1 எண்டால் முழுக்கத் தெரியும்.

இப்ப கன்று பிறக்க முதலே இந்த எண்ணைக் கொஞ்சம் கூட்டலாம். காதில் இருந்து சின்னத் துண்டு திசு எடுத்து, பல்லாயிரம் மரபணு அடையாளங்களைச் சிப்பில் வாசிச்சு, ஏற்கனவே கன்றுகள் உள்ள காளைகளோட ஒப்பிட்டு ஊகிக்கிற முறை அது. 2001இல் மூவிசென், ஹேய்ஸ், கோடார்ட் எண்ட மூவர் எழுதின கட்டுரை அதுக்கு வழி திறந்தது. ஆனால் டிரெயினிங் டேட்டாவின் குணம் இங்கேயும் மாறாது. லிமூசன்களை வச்சுப் படிச்ச மாடல் சரோலேக்கு நல்லா வேலை செய்யாது. ஆட்களின் முகத்தைத் தெரிஞ்சுகொள்ளுகிற மென்பொருள் எங்கட நிறத்து ஆக்களில் தடுமாறினதை நினைச்சுப் பாருங்கோ. காரணம் ஒரே சாதி.

112ஆ, 109ஆ?

இபோவால் ஸ்கோரின் நடு 100. மரபு வித்தியாசத்தின் எக்கார்-தீப், தமிழில் நியம விலகல், 10. 'பிறப்பு இலகு' எண்ட ஸ்கோர் 100க்கு மேலே போனால் அந்தக் காளையின் கன்றுகள் இலகுவாகப் பிறக்கும். மூன்று காளையை எடுப்பம். எண்கள் பயிற்சிக்காக நான் போட்டது:

- காளை அ: பிறப்பு இலகு 94 (நம்பிக்கை 0.85), வளர்ச்சி 116 (0.88)
- காளை ஆ: பிறப்பு இலகு 109 (0.82), வளர்ச்சி 101 (0.85)
- காளை இ: பிறப்பு இலகு 112 (0.32), வளர்ச்சி 118 (0.35)

என்ர லிஸ்டில் 'இ' முதலாவதாக வரும். இரண்டிலும் அதுதான் கூட. 'நம்பிக்கை குறைஞ்ச ஸ்கோர் பொய்' எண்டு நினைச்சால் அதுவும் பிழை. அந்த 112 ஏற்கனவே சராசரிக்கு இழுத்த பிறகு வந்த எண். அதுதான் எங்களிடம் இருக்கிற ஆகச் சிறந்த ஊகம். ஒரே ஒரு எண்தான் சொல்லலாம் எண்டால் 112 தான் சொல்லவேணும்.

ஆனால் ஊகத்துக்கு ஒரு அகலம் இருக்கு. அது 10 × √(1 − நம்பிக்கை). 'இ'க்கு அது 8.2. 'ஆ'க்கு 4.2. இப்ப பண்ணையாளரின் கேள்வியைக் கேட்பம்: இந்தக் காளை உண்மையில் 100க்குக் கீழே, அதாவது சராசரியை விடக் கஷ்டமான பிறப்புக் கொடுக்கிற காளையாக இருக்க எவ்வளவு சாத்தியம்? 'இ'க்கு 100இல் 7. 'ஆ'க்கு 100இல் 2 கூட இல்லை. ஸ்கோர் கூடின காளையின் ஆபத்து நாலு மடங்கு.

இன்னொரு விசயமும் இருக்கு. பன்னிரண்டு நாகுகளுக்கும் 'இ'யைப் போட்டு அது பிழைச்சால், ஒண்டு இரண்டில் பிழைக்காது. பன்னிரண்டிலும் ஒரே மாதத்தில் பிழைக்கும். எல்லா சேர்வரும் ஒரே டேட்டா சென்டரில் நிண்டு கரண்ட் போனமாதிரி.

அப்ப விடை இப்படி வரும். நாகுகளுக்கு 'ஆ'. வளர்ச்சி வெறும் 101 தான், பரவாயில்லை. அங்கே வெற்றி எண்டால் தாயும் கன்றும் உயிரோட எழும்பி நிக்கிறது. ஏற்கனவே நாலைந்து தரம் ஈன்ற பெரிய பசுக்களுக்கு, கன்றுகளை விற்கத்தான் போறார் எண்டால், 'அ' சரி. பெரிய கன்று, நல்ல பாரம், தாய்க்கு இடம் காணும். பிரான்சில் பிறக்கிற இளம் ஆண் கன்றுகள் கனக்க இத்தாலிக்குக் கொழுக்க வைக்கப் போகுது. அங்கே காசு வளர்ச்சிக்குத்தான். 'இ'யையும் ஒதுக்கத் தேவையில்லை. பெரிய பசுக்களில் மூண்டு நாலில் பரீட்சித்துப் பார்க்கலாம், மற்ற இளம் காளைகளோட கலந்து. ஆரும் பரீட்சிக்காட்டி அதன் நம்பிக்கை எண் எண்டைக்கும் 0.32லயே நிக்கும்.

பெட்டைக் கன்றுகளை வச்சு மந்தையைப் பெருக்கப்போறவருக்கு இந்த இரண்டு ஸ்கோரும் காணாது. அந்தப் பெட்டைகள் பிறகு தாங்கள் இலகுவாக ஈனுமா, பால் குடுக்குமா எண்டதுக்கு வேற ஸ்கோர்கள் இருக்கு. கன்றாகப் பிறக்கிறது இலகு எண்டதும், தாயாக ஈனுறது இலகு எண்டதும் இரண்டு வேற குணம். ஒண்டு நல்லது எண்டால் மற்றதும் நல்லது எண்டு எடுக்கேலாது.

ஒரே ஸ்கோரைத் துரத்தினால்

இந்தக் கதை அம்மாவுக்குச் சொன்னனான். அவ கேட்டது: "அப்ப எல்லாரும் அந்த நல்ல காளையைத்தானே எடுப்பினம்? பிறகு எல்லா மாடும் சகோதரம் ஆகாதோ?" ஆகும்.

ஆகப் பெரிய உதாரணம் பால் மாட்டில் இருக்கு. 1962இல் அமெரிக்காவில் பிறந்த ஹோல்ஸ்டைன் காளை ஒண்டு, பெயர் போனி ஃபார்ம் ஆர்லிண்டா சீஃப். மகள்மார் மட்டும் 16,000. கொள்ளுப்பேத்திகள் 20 லட்சத்துக்கு மேலே. அதன் மரபணுவில் ஒரு இடத்தில் பிழை இருந்தது. ஒரு பிரதி இருந்தால் ஒண்டும் தெரியாது. தாய் வழியும் தகப்பன் வழியும் இரண்டு பிரதி வந்தால் கரு வயிற்றிலேயே அழியும். சீஃபின் பேரப்பிள்ளைகள் தங்களுக்குள் சேரத் தொடங்கின பிறகுதான் இது வேலை காட்டினது. உலகம் முழுக்க ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட கருச்சிதைவு எண்டு 2016இல் வந்த ஆய்வு மதிப்பிட்டது. அதே ஆய்வு, சீஃபால் கூடின பாலின் பெறுமதி அந்த நட்டத்தை விடப் பல மடங்கு எண்டும் சொன்னது. அதனால் அந்தக் காளையை எடுத்த பண்ணையாளர்களை முட்டாள் எண்டு சொல்லேலாது. ஒவ்வொருவரும் தனித்தனியே சரியாக முடிவெடுத்தவை. எல்லாரும் ஒரே முடிவை எடுத்தது தான் பிரச்சினை.

இறைச்சி மாட்டில் எங்களுக்குக் கிட்டடியில் பெல்ஜியன் ப்ளூ இருக்கு. மயோஸ்டாட்டின் எண்ட மரபணு வேலை செய்யாததால் தசை இரட்டிப்பாக வளரும் இனம். அதை 1997இல் கண்டுபிடிச்சினம், ஆனால் பண்ணையாளர்கள் அதுக்கு முதலே கண்ணால் பார்த்துத் தெரிவு செய்துகொண்டு வந்தவை. தசை எண்ட ஒரு குணத்தை மட்டும் உச்சிக்குக் கொண்டுபோனதின் விலை, அந்த இனத்தில் பெரும்பாலான கன்றுகள் சிசேரியனில் பிறக்குது. ஒரு மெட்ரிக்கை மட்டும் ஆப்டிமைஸ் செய்தால் என்ன ஆகும் எண்டதுக்கு இதை விடப் பெரிய ஸ்லைட் தேவையில்லை.

திரையை எப்படித் திருத்தினன்

மூண்டு மாற்றம். ஒண்டு, லிஸ்ட் திறக்க முதல் கேள்வி: நாகுக்கா, பெரிய பசுவுக்கா? கன்றை விற்கவா, வச்சிருக்கவா? அடுக்குகிற ஒழுங்கு அந்தப் பதிலைப் பொறுத்து மாறும். இரண்டு, ஸ்கோரைத் தனி எண்ணாகக் காட்டாமல் ஒரு கோடாக, அகலத்தோட. போனில் எண்ணை விடக் கோடு வடிவாகத் தெரியும். மூண்டு, அந்தப் பசுவின் வம்சத்திலேயே அந்தக் காளை இருந்தால் சிவப்பு அடையாளம்.

பண்ணையாளர் திரும்பப் பார்த்தார். "இப்ப வாங்கலாம்" எண்டு மட்டும் சொன்னார்.

உங்களுக்கு வீட்டுவேலை

நீங்கள் இப்ப ஏதாவது ஒரு ஸ்கோரைப் பார்த்து முடிவு எடுக்கிற இடத்தில் இருப்பீங்கள். பார்க்கூர்சுப்பில் ஸ்கூல் தெரிவோ, வேலைக்கு வந்த சேவேக்களை அடுக்குகிற மென்பொருளோ, வாடகைக்கு வீடோ. மூண்டு கேள்வியை எழுதிப் பாருங்கோ:

1. இந்த எண் எத்தனை ஆட்களை, எத்தனை இடத்தில் பார்த்து வந்தது?
2. பிழைச்சால் எனக்கு என்ன நடக்கும்? எல்லாம் ஒரே நேரத்தில் பிழைக்குமா?
3. நான் தேடுறதும் இந்த எண் அளக்கிறதும் ஒண்டா?

பிறகு மேலே உள்ள மூன்று காளையையும் எடுத்து, 20 பெரிய பசுவும் 6 நாகும் உள்ள ஒருவருக்கு எந்தக் காளையின் குழல் எத்தனை எண்டு பிரிச்சுப் போட்டு அனுப்புங்கோ. ஒரே விடை இல்லை. நல்ல காரணம் சொன்ன இரண்டை அடுத்த எபிசோட்டில் வாசிப்பம். நாகை எல்லாம் 'இ'க்கு விட்டிருந்தால், பெப்ரவரியில் இரவு 3 மணிக்கு ஆர் போறது எண்டதையும் சேர்த்து எழுதுங்கோ.

சந்திப்பம்,
கார்ஜ் லே கொனெஸில் இருந்து